பெல் தேற்றம் விதியைப் பொய்யாக்கிவிட்டதா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மெட்ரிக் முடித்து இந்த ஆண்டுதான் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இயற்பியல் சேர்ந்தவர். கோயில் இளைஞர் கூட்டத்தில் இரண்டு பேர் பேசினார்களாம். ஒருவர், “பெல் தேற்றம் வந்த பிறகு எல்லாம் முன்கூட்டியே தீர்மானமானது என்ற பேச்சுக்கே இடமில்லை, விதி என்று ஒன்று இல்லை என்பதை இயற்பியல் நிரூபித்துவிட்டது” என்றிருக்கிறார். மற்றவர், “அதே தேற்றம்தான் தூரம் என்பதே பொய் என்கிறது, இங்கே நாம் மனதில் நினைப்பது அந்தக் கணமே இந்தியாவில் இருக்கிற சொந்தக்காரருக்குப் போய்ச் சேரும்” என்றிருக்கிறார். இதில் யார் சொல்வது சரி என்பது தம்பியின் கேள்வி.

தம்பி, இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. ஜான் பெல் என்ற இயற்பியலாளர் 1964இல் நிறுவிய இந்தத் தேற்றம் நிர்ணயவாதத்தை, அதாவது எல்லாம் முன்கூட்டியே தீர்மானமானது என்ற கருத்தை, தொடவே இல்லை. அது இடித்தது வேறொரு சுவரை: ஓர் இடத்தில் நடப்பது தொலைவில் நடப்பதை உடனடியாகப் பாதிக்க முடியாது என்ற நம்பிக்கையை. அந்தப் பாதிப்பை வைத்து ஒரு எழுத்துகூட அனுப்ப முடியாது என்பதும் அதே கோட்பாட்டிலிருந்து வருகிறது. இந்த மூன்றும் எப்படி ஒன்றாக நிற்கின்றன என்பதை நிதானமாகச் சொல்கிறேன். பாதிப் புத்தகங்கள் இதைக் குழப்பித்தான் எழுதியிருக்கின்றன. அதனால் கூட்டத்தில் பேசியவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

முதலில் இரண்டு கருத்துகளைப் பிரித்து வைத்துக்கொள்வோம். நிர்ணயவாதம் என்றால், இன்றைய நிலை முழுவதையும் இயற்கை விதிகளையும் கொடுத்தால் நாளைய நிலை ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்பது. 1814இல் லாப்லாஸ் இதைத்தான் எழுதினார்: எல்லாத் துகள்களின் இடத்தையும் எல்லா விசைகளையும் அறிந்த ஓர் அறிவு இருந்தால், அதற்கு எதிர்காலமும் இறந்தகாலமும் கண்முன்னே தெரியும் என்று. இடஞ்சார்மை என்பது இதிலிருந்து முற்றிலும் வேறு. ஒரு காரணம் தன் விளைவை உண்டாக்க, நடுவிலுள்ள வெளியைப் படிப்படியாகக் கடந்துதான் போக வேண்டும், அதுவும் ஒளியின் வேகத்தை மீறாமல், என்பது அது. உலகம் நிர்ணயமானதாகவும் இடஞ்சார்ந்ததாகவும் இருக்கலாம். இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். ஒன்று மட்டும் இருக்கலாம். நியூட்டனின் ஈர்ப்பு விதியையே பாருங்கள். அது நிர்ணயமானது. ஆனால் சூரியன் நகர்ந்தால் அந்தக் கணமே பூமி உணரும் என்று சொன்னதால் இடஞ்சாராதது. அது நியூட்டனுக்கே உறுத்தலாக இருந்தது.

சரி, இப்போது 1935க்கு வருவோம். அணுவுலகை விவரிக்கும் குவாண்டம் கோட்பாடு முழுமையற்றது என்று ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் “கடவுள் பகடை ஆடுவதில்லை” என்ற வாசகத்தில்தான் தொடங்குகிறார்கள். அது தவறான நுழைவாயில் என்பது என் கருத்து. ஐன்ஸ்டைனின் முதன்மைக் கவலை பகடை அல்ல. அந்தக் கட்டுரையை எழுதி முடித்தவர் பொடோல்ஸ்கி. முக்கியமான விஷயம் கணிதத்தில் மூழ்கிப்போய்விட்டது என்று ஐன்ஸ்டைனே அதே ஆண்டு ஜூன் மாதம் ஷ்ரோடிங்கருக்கு எழுதிய கடிதத்தில் வருத்தப்பட்டிருக்கிறார். 1954இல் இயற்பியலாளர் பாலி, தன் சக இயற்பியலாளர் மாக்ஸ் பார்னுக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் தெளிவாகச் சொன்னார்: நிர்ணயவாதம் அடிப்படையானது என்று ஐன்ஸ்டைன் கருதவில்லை, நீங்கள் அவரைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்று.

அப்படியானால் வாதம் என்ன? டேவிட் போம் என்ற இயற்பியலாளர் பிற்பாடு எளிமைப்படுத்திய வடிவத்தை ஒளித்துகள்களுக்கு மாற்றிச் சொல்கிறேன். ஒரு மூலத்திலிருந்து இரண்டு ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், பின்னிய நிலையில், ஒன்றின் விடை மற்றதன் விடையோடு பிணைந்தபடி, பிறந்து எதிரெதிராகப் போகின்றன. ஒளி அதிரும் திசையைப் பொறுத்து அதைக் கடக்கவிடும் முனைவாக்க வடிகட்டியை இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் வைத்தால், இந்தப் பக்கம் ஃபோட்டான் கடந்தால் அந்தப் பக்கமும் கடக்கிறது. இங்கே தடைபட்டால் அங்கேயும் தடைபடுகிறது. எந்தக் கோணத்தை எடுத்தாலும் இப்படித்தான். தனியாக ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் பாதிக்குப் பாதி, எந்த ஒழுங்கும் தெரியாது.

ஐன்ஸ்டைன் கேட்பது இதுதான். இங்கே அளந்ததும் அங்கே என்ன வரும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிடுகிறது. என் அளவீடு தொலைவில் உள்ள ஃபோட்டானைத் தொடவில்லை என்றால், அந்த விடை ஏற்கெனவே அந்த ஃபோட்டானிடம் இருந்திருக்க வேண்டும். பெல்லுக்கு வியன்னாவில் பெர்டில்மன் என்று ஒரு நண்பர். இரண்டு காலுக்கும் இரண்டு நிறத்தில் காலுறை போடுவது அவர் வழக்கம். ஒரு காலில் இளஞ்சிவப்பைப் பார்த்தால் மற்றதில் இளஞ்சிவப்பு இல்லை என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். அதில் என்ன அதிசயம், காலையிலேயே போட்டுக்கொண்டு வந்ததுதானே? ஃபோட்டான்களும் அப்படித்தான் விடையைக் கையோடு கொண்டுபோகின்றன என்பது ஐன்ஸ்டைனின் முடிவு. குவாண்டம் கோட்பாட்டில் அந்த விடைக்கு இடமில்லை என்பதால் கோட்பாடு முழுமையற்றது.

இந்த வாதத்தில் எது முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது என்று கவனியுங்கள், தம்பி. எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஐன்ஸ்டைன் நிர்ணயவாதத்தை எடுத்துக்கொண்டு தொடங்கவில்லை. இடஞ்சார்மையை எடுத்துக்கொண்டு தொடங்குகிறார். விடைகள் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைக்கிற முடிவு. இடஞ்சார்மையைக் காப்பாற்ற வேண்டுமானால் நிர்ணயம் தேவை. இந்த ஒரு படியை மறந்துவிட்டுத்தான் “பெல் இடஞ்சார்மை, நிர்ணயம் என்று இரண்டை எடுத்துக்கொண்டார், எதை வேண்டுமானாலும் கைவிடலாம்” என்று எழுதுகிறார்கள். நிர்ணயவாதம் தன் வாதத்தின் முற்கோள் அல்ல என்பதைப் புரியவைப்பது வியக்கும் அளவுக்குக் கடினமாக இருக்கிறது என்று பெல் 1981இல் ஒரு கட்டுரையில் நொந்துகொண்டார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த வரியின் தேவை குறையவில்லை.

ஜான் பெல் 1928இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் துகள் கோட்பாடும் முடுக்கி வடிவமைப்பும்தான் அவருக்குச் சம்பளம் தந்த வேலை. குவாண்டத்தின் அடிப்படைகளைப் பற்றி யோசித்தது மிச்ச நேரத்தில். 1964இல் விடுப்பில் அமெரிக்கா போயிருந்தபோது ஆறு பக்கக் கட்டுரை ஒன்றை எழுதி, சில ஆண்டுகளிலேயே நின்றுபோன ஓர் இதழில் வெளியிட்டார். அந்த ஆறு பக்கம்தான் இன்று நாம் பேசிக்கொண்டிருப்பது.

அதன் சாரத்தை ஒரு விளையாட்டாகச் சொல்லலாம். 1969இல் கிளாசர், ஹோர்ன், ஷிமோனி, ஹோல்ட் நால்வரும் தந்த வடிவத்தை ஒட்டியது இது. தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

டர்பனில் ஓர் ஆட்டக்காரர், ஜோகனஸ்பர்க்கில் ஓர் ஆட்டக்காரர். நடுவில் நேர்கோட்டில் சுமார் 500 கிலோமீட்டர். ஒளிக்கே ஒன்றரை மில்லிநொடிக்கு மேல் ஆகும். ஒவ்வொருவர் எதிரிலும் ஒரு நடுவர். நடுவர்கள் ஒரே நேரத்தில் நாணயம் சுண்டுகிறார்கள். பூவா தலையா என்று தன் நடுவர் காட்டுவது மட்டும்தான் ஆட்டக்காரருக்குத் தெரியும். ஒளி வந்து சேர்வதற்குள் அவர் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று சொல்லிவிட வேண்டும். விதி இது: இரண்டு ஊரிலும் பூ விழுந்தால் இருவர் விடையும் வேறுபட வேண்டும். மற்ற மூன்று நிலைகளிலும், அதாவது தலை-தலை, தலை-பூ, பூ-தலை, இருவர் விடையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டம் போட்டுக்கொள்ளலாம்.

நான்கு நிலைகளிலும் வெல்லும் திட்டம் உண்டா? ஒவ்வொருவரும் தலைக்கு ஒரு விடை, பூவுக்கு ஒரு விடை என்று எழுதி வைத்துக்கொள்வதாக எடுத்துக்கொள்வோம். ‘ஆம்’ என்பதை +1 என்றும் ‘இல்லை’ என்பதை -1 என்றும் குறியுங்கள். விடைகள் ஒன்றாக இருந்தால் பெருக்கல் +1, வேறுபட்டால் -1. வெல்ல வேண்டுமானால் மூன்று நிலைகளில் பெருக்கல் +1 ஆகவும், பூ-பூ நிலையில் -1 ஆகவும் வர வேண்டும். இப்போது நான்கு நிலைகளின் பெருக்கல்களையும் ஒன்றோடொன்று பெருக்குங்கள். விதிப்படி அது -1. ஆனால் எழுதி வைத்த நான்கு விடைகளும் அந்தப் பெருக்கலில் தலா இரண்டு முறை வருகின்றன. எந்த எண்ணையும் இரண்டு முறை பெருக்கினால் அதன் குறி போய்விடும். ஆகவே அது +1. இரண்டும் ஒத்துப்போகாது. நான்கில் மூன்று நிலைகளில்தான் வெல்ல முடியும். எழுபத்தைந்து சதவீதம். அதற்கு மேல் ஒரு இம்மிகூடக் கிடையாது.

“சரி, விடையை எழுதி வைக்காமல் பகடை உருட்டிச் சொன்னால்?” என்று கேட்கத் தோன்றும். இதுதான் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் இடம். பகடை உதவாது. இருவரும் தனித்தனிப் பகடை வைத்திருந்தாலும், ஒரே பகடையின் முடிவுகளைப் பிரதி எடுத்துக்கொண்டு போனாலும், அது எழுதி வைத்த திட்டங்களில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதற்குச் சமம். ஒவ்வொரு திட்டமும் 75க்கு மேல் தராது என்றால் அவற்றின் சராசரியும் தராது. ஆக, ஆட்டக்காரர்கள் நிர்ணயமானவர்களா, தற்செயலுக்கு இடம் கொடுப்பவர்களா என்பதைப் பற்றி இந்த எல்லைக்குக் கவலையே இல்லை. டர்பன் நாணயம் ஜோகனஸ்பர்க் விடையைத் தொடாது, ஜோகனஸ்பர்க் நாணயம் டர்பன் விடையைத் தொடாது, நாணயங்கள் திட்டத்தோடு சதி செய்யவில்லை. இவ்வளவுதான் தேவை. 1976இல் பெல் தன் தேற்றத்தை நிர்ணயம் என்ற பேச்சே இல்லாமல் மறுபடியும் எழுதிக் காட்டினார்.

இப்போது ஆட்டக்காரர்களிடம் பின்னிய ஃபோட்டான் ஜோடிகளைக் கொடுங்கள். டர்பன்காரர் தலைக்கு 0 பாகையிலும் பூவுக்கு 45 பாகையிலும் வடிகட்டியை வைக்கிறார். ஜோகனஸ்பர்க்காரர் தலைக்கு 22.5, பூவுக்கு எதிர்ப்பக்கமாக 22.5. கடந்தால் ஆம், தடைபட்டால் இல்லை. விடைகள் ஒத்துப்போகும் நிகழ்தகவு, கோண வேறுபாட்டின் கொசைன் வர்க்கம். முதல் மூன்று நிலைகளிலும் வேறுபாடு 22.5 பாகை, ஒத்துப்போகும் வாய்ப்பு 85.4 சதவீதம். பூ-பூ நிலையில் வேறுபாடு 67.5 பாகை, அங்கே விடைகள் வேறுபடும் வாய்ப்பு அதே 85.4 சதவீதம். எப்படிக் கேட்டாலும் நூற்றுக்கு 85. ஆய்வுக்கூடத்தார் இதையே வேறு அளவுகோலில் சொல்வார்கள்: இடஞ்சார்ந்த உலகின் உச்சம் 2, குவாண்டத்தின் உச்சம் 2.828. இந்தக் குவாண்டம் உச்சத்தை 1980இல் நிறுவியவர் சிரெல்சன்.

பரிசோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவில் இனிச் சந்தேகம் இல்லை. 1972இல் பெர்க்லியில் ஃப்ரீட்மனும் கிளாசரும் கால்சியம் அணுக்களின் ஒளியை வைத்து முதலில் செய்தார்கள். 1982இல் பாரிஸ் அருகே ஓர்சேயில் அஸ்பேயின் குழு, ஃபோட்டான்கள் பறந்துகொண்டிருக்கும்போதே அளவீட்டை மாற்றிக் காட்டியது. 1998இல் இன்ஸ்புரூக்கில் சைலிங்கர் குழு 400 மீட்டர் இடைவெளியில் செய்தது. 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில், முடிவைச் சந்தேகிக்க அதுவரை சொல்லப்பட்ட முக்கிய ஓட்டைகளை ஒரே நேரத்தில் அடைத்து 245 முறை அளந்தார்கள். கிடைத்த எண் 2.42. அதே ஆண்டு வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் இதே முடிவு. 2022இல் கிளாசர், அஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு. பெல் 1990இலேயே இறந்துவிட்டார்.

ஆக, இடஞ்சார்மை விழுந்தது. நிர்ணயவாதம் விழுந்ததா? விழவில்லை என்பதற்கு வாதம் தேவையில்லை. ஓர் உதாரணமே போதும். அந்த உதாரணம் பெல்லுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

நான் படித்த காலத்தில் நீங்கள் இப்போது படிக்கும் வளாகம் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம். இந்தியர்களுக்கென்று அன்றைய அரசு ஒதுக்கிய இடம். 2004இல்தான் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. எங்களுக்குக் கிடைத்த பாடநூலில் ஒரே வரிதான் இருந்தது: மறைமாறிகள் சாத்தியமில்லை என்று கணிதவியலாளர் வான் நாய்மன் 1932இல் நிரூபித்துவிட்டார் என்று. மறைமாறிகள் என்றால் குவாண்டம் கோட்பாடு சொல்லாமல் விட்ட, விடையைத் தீர்மானிக்கும் கூடுதல் விவரங்கள். அந்த நிரூபணத்தில் பொருத்தமற்ற ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது என்று கிரேட்டே ஹெர்மன் என்ற ஜெர்மானிய அறிஞர் 1935லேயே எழுதிவிட்டார். அதை ஏறத்தாழ யாரும் கவனிக்கவில்லை. ஒரு பெண்ணின் கட்டுரை, அதுவும் தத்துவ இதழில் வந்தது என்பதால் எத்தனை ஆண்டுகள் வீணாயின என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

டேவிட் போம் 1952 ஜனவரியில் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டார். அப்போது அவர் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் இருந்தார். அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்ததால் கைதாகி, வழக்கில் விடுதலை ஆன பிறகும் பிரின்ஸ்டனில் வேலை நீட்டிக்கப்படாமல் நாட்டை விட்டே போக நேர்ந்தவர். அவர் சொன்னது இது: அலையும் உண்டு, துகளும் உண்டு. துகளுக்கு எந்நேரமும் ஒரு திட்டமான இடம் உண்டு. அலை துகளை வழிநடத்துகிறது. 1927 சோல்வே மாநாட்டிலேயே லூயி டி பிராய் இதைத் தொட்டுவிட்டு, பிறகு கைவிட்டிருந்தார். இரட்டைப் பிளவுச் சோதனையில் துகள் ஒரு பிளவு வழியாகத்தான் போகிறது. அலை இரண்டு வழியாகவும் போகிறது. தொடக்க இடம் தெரிந்தால் திரையில் எங்கே விழும் என்பது முழுக்கத் தீர்மானம். தொடக்க இடங்களைப் பற்றிய நம் அறியாமைதான் நிகழ்தகவாகத் தெரிகிறது. சாதாரணக் குவாண்டம் கோட்பாட்டின் கணிப்புகள் எல்லாம் அப்படியே கிடைக்கின்றன, 85.4 சதவீதம் உட்பட.

எப்படிக் கிடைக்கிறது? போமின் சமன்பாட்டில் ஒரு துகளின் வேகம், அதோடு பின்னிய மற்றத் துகள் இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நடுவில் எத்தனை கிலோமீட்டர் இருந்தாலும் சரி. டர்பனில் வடிகட்டியைத் திருப்பினால் ஜோகனஸ்பர்க் துகளின் பாதை மாறுகிறது. இடஞ்சாராமை ஒளிவுமறைவில்லாமல் சமன்பாட்டிலேயே எழுதியிருக்கிறது. பெல் அந்தக் கட்டுரைகளைப் படித்தபோது, முடியாது என்று சொல்லப்பட்டது கண்முன்னே முடிந்திருப்பதைப் பார்த்தேன் என்ற பொருளில் பின்னாளில் எழுதினார். அப்புறம் அவர் கேட்டுக்கொண்ட கேள்விதான் தேற்றத்துக்குக் கொண்டுபோனது: இந்த இடஞ்சாராமை போமின் கோட்பாட்டுக்கு மட்டும் உரிய குறையா, அல்லது குவாண்டம் கணிப்புகளைத் தரும் எந்தக் கோட்பாடும் இப்படித்தான் இருந்தாக வேண்டுமா? விடை இரண்டாவது. பெல் தேற்றம் நிர்ணயவாதத்தைக் கொன்றது என்று சொல்பவர்கள், அந்தத் தேற்றம் ஒரு நிர்ணயமான கோட்பாட்டின் மேலிருந்த அக்கறையில் பிறந்தது என்பதை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிர்ணயத்தைக் கைவிட்டால் இடஞ்சார்மை திரும்பக் கிடைக்குமா என்றால், அதுவும் இல்லை. 1986இல் இத்தாலியில் கிரார்தி, ரிமினி, வெபர் மூவரும் அலைச்சார்பு, அதாவது துகளின் குவாண்டம் நிலையை விவரிக்கும் அலை, தானாகவே, தற்செயலாகச் சுருங்கும் ஒரு கோட்பாட்டைத் தந்தார்கள். அதில் உண்மையான பகடை உண்டு. ஆனால் அதுவும் இடஞ்சாராததுதான். இங்கே சுருங்கினால் அங்கேயும் சுருங்கும்.

இப்போது இரண்டாவது பேச்சாளரிடம் வருவோம். டர்பனில் வடிகட்டியைத் திருப்பினால் ஜோகனஸ்பர்க்கில் ஏதோ மாறுகிறது என்றால், ஏன் அதை வைத்துச் செய்தி அனுப்ப முடியாது?

ஜோகனஸ்பர்க்காரர் தன் பக்கம் மட்டும் பார்த்தால், டர்பனில் எந்தக் கோணம் வைத்திருந்தாலும் அவருக்குப் பாதி ஆம், பாதி இல்லை. ஆயிரம் ஜோடி அனுப்பினாலும் அதே. ஒத்திசைவு தெரிய வேண்டுமானால் இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பட்டியல் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ வந்து சேர வேண்டும். அது ஒளியைவிட வேகமாக வராது. இது குவாண்டம் கணிதத்தில் நிரூபிக்கப்பட்ட முடிவு. எந்தத் தந்திரக் கருவியாலும் மீற முடியாது.

ஆனால் இதை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால்தான் நிர்ணயமும் இடஞ்சாராமையும் எங்கே கைகோக்கின்றன என்று புரியும். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையிலேயே மிக அழகான இடம் இதுதான். உலகம் நிர்ணயமானது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒவ்வொரு ஜோடிக்கும் உள்ளே மறைந்திருக்கும் நிலை விடைகளைத் தீர்மானிக்கிறது. 85 சதவீதம் வெல்ல வேண்டுமானால், சில ஜோடிகளிலாவது ஓர் ஊரின் விடை மற்ற ஊரின் கேள்வியைப் பொறுத்து மாறியாக வேண்டும். இல்லையென்றால் 75ஐத் தாண்ட முடியாது என்று மேலே பார்த்தோம். அப்படிப்பட்ட ஒரு ஜோடியை, அதன் மறைநிலை இன்னதென்று தெரிந்தே, நான் கையில் வைத்திருந்தால்? விடை எந்த ஊரில் மாறுகிறதோ அந்த ஊருக்குச் செய்தி போய்விடும். அப்படிச் செய்தி போவதில்லை. ஆகவே மறைநிலையை முன்கூட்டியே அறிய எந்த வழியும் யாருக்கும் இருக்கக் கூடாது.

அதாவது, உலகம் நிர்ணயமானதாக இருக்கலாம், ஆனால் கணிக்க முடியாததாக இருந்தே தீரும். லாப்லாஸ் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினார். குவாண்டம் இவற்றைப் பிரித்துவிட்டது. போமின் கோட்பாட்டில் இது தெளிவாகவே இருக்கிறது: துகள்களின் இடங்கள் ஒரு சமநிலைப் பரவலில் இருக்கும்வரை, அலை சொல்வதைவிட நுணுக்கமாக எவராலும் அவற்றை அறிய முடியாது. அந்தச் சமநிலை குலைந்த துகள்கள் எங்காவது இருந்தால் அவற்றை வைத்து ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்று 1991இல் வாலென்டினி காட்டினார். அப்படிப்பட்ட துகள் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

கணிக்க முடியாமை இன்று பயன்பாட்டுக்கும் வந்துவிட்டது. 2010இல் ஒரு குழு, ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு இட்டெர்பியம் அயனிகளை, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களை, பின்னி, பெல் எல்லை மீறப்படுவதைக் காட்டி, அதன் வழியாக 42 தற்செயல் இலக்கங்களை உறுதிச் சான்றோடு உருவாக்கியது. கருவியைச் செய்தவரையே நம்பாவிட்டாலும், பெல் எல்லை மீறப்படுகிறது என்பதே அந்த இலக்கங்களை யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்பதற்குச் சாட்சி. 42 என்பது சிறிய எண்தான். அதன் பின்னால் இருக்கும் கருத்து மிகப் பெரியது. ஆனால் இதை “தற்செயல் இயற்கையின் அடியில் இருக்கிறது என்பதற்கு நிரூபணம்” என்று படிக்கக் கூடாது. யாராலும் அறிய முடியாது என்பதற்குத்தான் அது நிரூபணம்.

நம் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் கூட்டத்தில் மோசஸ் மபிடா அரங்கம் சாட்சியாக இழுக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது அந்த அரங்கிலிருந்து போன தகவல் இணைப்பு ஒன்றைக் குவாண்டம் குறியாக்கத்தால் பாதுகாத்தார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் குவாண்டம் குழுவுக்கு அதில் பங்கு உண்டு; நாம் பெருமைப்படலாம். 2024இல் சீனச் சிறு செயற்கைக்கோள் ஒன்றின் வழியாக பெய்ஜிங்கும் நம் நாட்டின் ஸ்டெல்லன்போஷும் 12,900 கிலோமீட்டர் இடைவெளியில் குவாண்டம் சாவியை, அதாவது செய்தியைப் பூட்டும் ரகசியக் குறியை, பகிர்ந்துகொண்டதும் உண்மை. ஆனால் இரண்டிலும் ஒளியைவிட வேகமாக எதுவும் போகவில்லை. ஒற்றை ஃபோட்டான் அளவுக்கு மங்கிய ஒளித்துடிப்புகள் இழையிலும் வானத்திலும் ஒளியின் வேகத்தில்தான் போயின. ஒட்டுக்கேட்டால் தெரிந்துவிடும் என்பதுதான் அதன் பலன். பெல் எல்லையை மீறும் பின்னல்கூட அவற்றில் பயன்படவில்லை. மனதில் நினைப்பது கடல் கடந்து எட்டும் என்பதற்கு இவற்றில் சாட்சி தேடுவது, இதற்காக உழைத்தவர்களின் வேலையைத் தெரியாமல் குறைத்துப் பேசுவதாகும்.

எல்லாத் துகளும் எல்லாத் துகளோடும் பின்னியிருக்கின்றன என்பதும் அப்படி எளிதாகச் சொல்லக்கூடியது அல்ல. பின்னல் ஒரு நொய்மையான உறவு. ஒரு ஃபோட்டான் ஜோடியைச் சில கிலோமீட்டர் காப்பாற்றிக் கொண்டுபோவதற்கே ஆய்வுக்கூடங்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. சுற்றுப்புறம் தொட்டதும் அது எண்ணற்ற அணுக்களில் கரைந்து, பயன்படுத்த முடியாமல் போய்விடுகிறது.

பெல்லின் முடிவிலிருந்து தப்பிக்கும் வழிகள் இருக்கின்றனவா என்றும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று எவரெட் 1957இல் முன்வைத்தது: அளவீட்டில் ஒரு விடை அல்ல, எல்லா விடைகளும் வெவ்வேறு கிளைகளில் நிகழ்கின்றன. இதுவும் முழு நிர்ணயமான கோட்பாடுதான். ஒரே விடை என்று எடுத்துக்கொள்வதால்தான் பெல் வாதம் ஓடுகிறது என்பதால் இது அதிலிருந்து நழுவிவிடுகிறது. ஆனால் எல்லாமே நிகழும் உலகில் 85 சதவீதம் என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்ற கேள்விக்கு நான் திருப்தியான பதிலைப் பார்த்ததில்லை. இன்னொன்று மீநிர்ணயவாதம்: நடுவர்களின் நாணயங்களும் துகள்களின் மறைநிலையும் பிரபஞ்சத் தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று கோக்கப்பட்டுவிட்டன என்பது. நோபல் பரிசு பெற்ற டச்சு அறிஞர் டுஹூஃப்ட் இதை ஆதரிக்கிறார். 2018இல் சைலிங்கர் குழு நாணயத்துக்குப் பதிலாகத் தொலைதூரக் குவேசார்களின், அதாவது மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்களின், ஒளியைப் பயன்படுத்தியது. ஒன்றின் ஒளி புறப்பட்டு 780 கோடி ஆண்டுகள், மற்றதன் ஒளி 1,220 கோடி ஆண்டுகள். அப்போதும் பெல் எல்லை மீறப்பட்டது. சதி இருந்தால் அதற்கும் முன்பே திட்டமிடப்பட்டிருக்க வேண்டும். இதைத் தர்க்கத்தால் மறுக்க முடியாது. ஆனால் இதை ஏற்றால், எந்தப் பரிசோதனையின் எந்த முடிவையும் “முன்பே கோத்து வைத்தது” என்று தள்ளிவிடலாம். அந்த விலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போமின் வழிக்கும் விலை உண்டு. அதை மறைக்கக் கூடாது. ‘இந்தக் கணத்தில்’ என்று நான் மேலே எழுதினேன். ஐன்ஸ்டைனின் சார்பியலில் இரண்டு ஊருக்கும் பொதுவான ‘இந்தக் கணம்’ என்று ஒன்று இல்லை. பார்ப்பவரின் இயக்கத்தைப் பொறுத்து டர்பன் முன்னால், ஜோகனஸ்பர்க் முன்னால் என்று மாறும். போமின் சமன்பாட்டுக்கு அப்படி ஒரு பொதுக் கணம் தேவை. அது என்றுமே கண்ணுக்குத் தெரியாத வகையில் மறைந்து நிற்கும். 2008இல் ஜெனீவாவில் 18 கிலோமீட்டர் இடைவெளியில் செய்த சோதனை, அப்படி ஏதோ ஒரு தாக்கம் ஒரு சிறப்பு நோக்குச் சட்டத்தில் (இயக்கத்தை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் சட்டகத்தில்) ஓடுகிறது என்றால், பூமி அந்தச் சட்டத்தில் மிதமான வேகத்தில் நகர்வதாகக் கொண்டால், அதன் வேகம் ஒளியின் வேகத்தைப் போல் குறைந்தது பத்தாயிரம் மடங்கு என்று காட்டியது. தற்செயலான சுருங்கல் கோட்பாட்டுக்கு இந்தச் சிக்கல் சற்றுக் குறைவு: ஒன்றோடொன்று விசை செலுத்தாத துகள்களுக்கு அதைச் சார்பியலோடு முழுமையாக இணைத்து 2006இல் டுமுல்கா எழுதிக் காட்டினார். நிர்ணயத்தைக் கைவிட யாராவது காரணம் கேட்டால், பெல் தேற்றத்தைவிட இது நல்ல காரணம். ஆனாலும் இது ஒரு சாய்வுதான், தீர்ப்பு அல்ல.

ஆகையால் விதி உண்டா இல்லையா என்ற நம் பழைய விவாதத்தில் பெல்லைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவர் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்ல மாட்டார்.

தம்பி, முதலாண்டுக் கணிதமே உங்களுக்குப் போதும். முதலில் ஒரு சின்ன நிரல் எழுதுங்கள். டர்பன்காரருக்கு நான்கு திட்டங்கள், ஜோகனஸ்பர்க்காரருக்கு நான்கு, மொத்தம் பதினாறு இணைகள். ஒவ்வொன்றும் எத்தனை நிலைகளில் வெல்கிறது என்று எண்ணிப் பாருங்கள், மூன்றைத் தாண்டாது. பிறகு கொசைன் வர்க்கத்தை வைத்து 85.4ஐ வரவழையுங்கள். அதற்கடுத்து பெல்லின் 1964 கட்டுரையின் முதல் இரண்டு பக்கங்கள். ஐன்ஸ்டைனின் வாதத்தை அவர் எந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். நிர்ணயம் எந்த வரியில் முடிவாக வருகிறது என்பதைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். போமின் 1952 கட்டுரைகளில் இரண்டாவதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். அளவீடு எப்படி நடக்கிறது, வான் நாய்மன் நிரூபணம் ஏன் பொருந்தாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் ஷ்ரோடிங்கர் சமன்பாடு நடத்தி முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.